தமிழ் எண்களைப் படிப்பதும் எழுதுவதும்: தொடக்கநிலையினருக்கு

பழைய தமிழ் அச்சு நூல்கள் பலவற்றில் பக்க எண்ணும் பாட்டு எண்ணும் தமிழ்க் குறிகளில்தான் இருக்கும். பலர் அதைக் கண்டதும் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்ட வேண்டியதே இல்லை. பன்னிரண்டு குறிகளும் ஒரு விதியும் தெரிந்தால் போதும், ஒரே மாலையில் பழகிவிடலாம்.

1. குறிகளைப் பழகுங்கள்

1 ௧, 2 ௨, 3 ௩, 4 ௪, 5 ௫, 6 ௬, 7 ௭, 8 ௮, 9 ௯, 10 ௰, 100 ௱, 1000 ௲.

தமிழ் எழுத்துத் தெரிந்தவருக்கு இவை பெரும்பாலும் தெரிந்த முகங்கள். ௧ பார்க்க க போல, ௨ உ போல, ௪ ச போல, ௭ எ போல, ௮ அ போல இருக்கும். ௰ ய-வையும் ௱ ள-வையும் ஒத்திருக்கும். ௩, ௫, ௬, ௯, ௲ ஐந்தையும்தான் கொஞ்சம் எழுதிப் பழக வேண்டும்.

2. விதியைப் பிடியுங்கள்

பத்து, நூறு, ஆயிரம் ஆகிய குறிகளுக்கு முன்னால் வரும் எண் பெருக்கும். பின்னால் வருவது கூட்டும். அதனால் ௩௰ என்றால் 30, ௰௩ என்றால் 13.

ரோமன் எண் படித்தவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அங்கே சிறிய குறி பெரியதற்கு முன் வந்தால் கழிக்கிறோம். தமிழில் கழித்தலே கிடையாது.

இந்த முறைக்குப் பூஜ்யமும் தேவையில்லை. 105 என்பது ௱௫, 1005 என்பது ௲௫.

3. எழுதிப் பாருங்கள்

1947-ஐ எடுத்துக்கொள்வோம். முதலில் பிரியுங்கள்: 1000, 900, 40, 7. ஒவ்வொன்றையும் எழுதுங்கள்: ௲, ௯௱, ௪௰, ௭. அப்புறம் சேர்த்தால் ௲௯௱௪௰௭.

பத்து, நூறு, ஆயிரத்துக்கு முன்னால் ௧ போடக்கூடாது. 10 என்பது ௰ மட்டுமே, ௧௰ தவறு.

அதிகம் பேர் சறுக்குவது 9-இல்தான். தொண்ணூறு என்று சொல்லும்போது காதில் நூறு விழுகிறது, தொள்ளாயிரம் என்னும்போது ஆயிரம் விழுகிறது. காதை நம்பாமல் மதிப்பைப் பாருங்கள்: 90 என்பது ௯௰, 900 என்பது ௯௱. இதைப் பிடித்துவிட்டால் 1999-கூட எளிதுதான்: ௲௯௱௯௰௯.

பெரிய எண்களுக்கும் இதே பெருக்கல்தான். பத்தாயிரம் ௰௲, லட்சம் ௱௲, பத்து லட்சம் ௰௱௲.

4. புதிய முறையையும் தெரிந்துகொள்ளுங்கள்

இன்று பலரும் இலக்கங்களை இடமதிப்பு முறையிலேயே எழுதுகிறார்கள்: 1947 என்பது ௧௯௪௭, 2005 என்பது ௨௦௦௫. இதற்குத்தான் ௦ வேண்டும். இரண்டு முறையும் சரியே, ஆனால் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடாதீர்கள். ௲௯௪௭ என்று எழுதினால் அது எந்த முறையிலும் சேராது. பழம்பாடல்களுக்கு எண்ணிடுகிறீர்கள் என்றால் பழைய முறையே பொருத்தம் என்பேன்.

கணினியில் தட்டும்போது உருவம் ஒன்றாக இருக்கிறதே என்று ௧-க்குப் பதில் க எழுத்தைப் போடாதீர்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் பிறகு அந்த எண்ணைத் தேடினால் கிடைக்காது.

சரி, இப்போது உங்கள் முறை. ௱௩௰௩, ௲௩௱௩௰ இரண்டையும் படியுங்கள். முதலாவது திருக்குறளின் அதிகார எண்ணிக்கை, 133. இரண்டாவது குறட்பாக்களின் எண்ணிக்கை, 1330.