பழைய ஜீப்பை மண்ணில் இறக்குவதற்கு முன்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு செய்முறை

பழைய ஆஃப்ரோடு வண்டி ஒன்று கைக்கு வந்ததும் பலர் முதலில் தேடுவது லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்கள்), வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் கருவி), கூரையில் மாட்டும் விளக்கு வரிசை. இந்தப் பதிவில் அவை எதுவும் இல்லை. வண்டியில் ஏற்கெனவே இருப்பதை ஒழுங்காக வேலை செய்ய வைப்பது, நல்ல டயர் போடுவது, இழுப்பதற்கு உறுதியான கொக்கி வைப்பது, அவ்வளவுதான் என் சிபாரிசு. சனி, ஞாயிறு பொழுதுபோக்குக்கு இது தாராளம்.

நான் மனதில் வைத்திருப்பது பழைய வில்லிஸ் வகை ஜீப், சுசுகி எஸ்ஜே, ஜிப்ஸி, சீரிஸ் லேண்ட் ரோவர், 40 வரிசை லேண்ட் குரூசர் போன்றவற்றை. சேஸி தனி, ஆக்சில் இரண்டும் முழு நீளக் கம்பம், லீஃப் ஸ்பிரிங், இரண்டு சக்கர இழுப்புக்கும் நான்கு சக்கர இழுப்புக்கும் மாற்றக் கையால் தள்ளும் டிரான்ஸ்ஃபர் லீவர். கியர் போடவும், ஜாக்கி வைக்கவும், ஆயில் மாற்றவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: வண்டிக்கு அடியில் ஒரு காலை நேரம்

இன்ஜின் ஆயிலை எல்லோரும் மாற்றுவார்கள். முன் டிஃப்ரன்ஷியல், பின் டிஃப்ரன்ஷியல் (ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுதி), டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) மூன்றையும் மறந்துவிடுவார்கள். மூன்றிலும் ஆயிலை வடித்துப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

ஒரே ஒரு விதி: வடிக்கும் பிளக்கைத் தொடுவதற்கு முன்னால் நிரப்பும் பிளக்கைத் திறந்துவிடுங்கள். பழைய வண்டியில் மேலே இருக்கும் பிளக் துருப்பிடித்து அசையவே மாட்டேன் என்று நிற்கலாம். கீழே முழுவதும் வடித்த பிறகு அது தெரியவந்தால் வண்டி அங்கேயே நிற்கும். ரிங் ஸ்பானர் அல்லது சரியான அளவு சாக்கெட் மட்டும் போடுங்கள். அட்ஜஸ்டபிள் ஸ்பானரை இந்த வேலைக்கு நான் பக்கத்திலேயே சேர்ப்பதில்லை, பிளக்கின் மூலைகளைத் தேய்த்துவிட்டுத்தான் அது வெளியே வரும்.

அப்படியே ஆக்சில் மேல் இருக்கும் மூச்சுத் துளையையும் பாருங்கள். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சும். மூச்சுத் துளை தண்ணீருக்குள் இருந்தால் அதன் வழியாகவும், சேற்றில் அடைபட்டிருந்தால் ஆயில் சீல் ஓரமாகவும் தண்ணீர்தான் உள்ளே போகும். எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாய் ஒன்றை அதில் மாட்டி, இன்ஜின் அறையின் மேல்பகுதி வரை கொண்டுபோய்க் கட்டுங்கள். ஆக்சில் மேலும் கீழும் ஆடும்போது இழுபடாத அளவுக்குக் குழாயில் தொய்வு இருக்கட்டும். இந்த வண்டியில் செய்யக்கூடிய மாற்றங்களிலேயே மலிவானதும் உருப்படியானதும் இதுதான் என்பேன்.

படி 2: லீவரும் ஹப்பும்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகவே போகிறேன்.

இந்த வண்டிகளில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் டிஃப்ரன்ஷியல் கிடையாது. லீவரில் டூ ஹை என்றால் பின் சக்கரங்கள் மட்டும், ஃபோர் ஹை என்றால் நான்கும், ஃபோர் லோ என்றால் நான்கும் மெதுவான, பலமான கியரில். லீவரை ஃபோர் ஹைக்குத் தள்ளினால், ஆக்சில்களுக்கு விசை கொண்டுபோகும் இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் போகும் தூரம் அதிகம். வீல்பேஸ் 2.25 மீட்டர் உள்ள ஒரு சின்ன வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பின் ஆக்சிலின் நடுப்புள்ளி 4.3 மீட்டர் ஆரத்தில் சுற்றும்போது முன் ஆக்சிலின் நடுப்புள்ளி ஏறக்குறைய 4.85 மீட்டர் ஆரத்தில் சுற்றுகிறது, சுமார் 13 சதவீதம் கூடுதல். மண்ணிலும் மணலிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தார் ரோட்டில் டயர் வழுக்காது. வித்தியாசம் முழுவதும் ஷாஃப்ட்டுகளிலும் கியர்களிலும் முறுக்காக ஏறி நிற்கும்.

அதற்கு அறிகுறி என்ன? ஸ்டியரிங் கனக்கும், வண்டி பிரேக் பிடித்ததுபோல் தயங்கும், லீவரைத் திரும்ப டூ ஹைக்கு இழுத்தால் வராது. பலம் போட்டு இழுக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சில மீட்டர் பின்னால் போங்கள், முறுக்கு இறங்கி லீவர் தானாக வரும். அதற்கும் மசியவில்லை என்றால், ஒரு பக்கச் சக்கரங்களை ரோட்டோர மண்ணில் இறக்கி மெதுவாக உருட்டுங்கள்.

அடுத்து ஹப். முன் சக்கரத்தின் நடுவில் திருகும் குமிழ் இருந்தால் அது ஃப்ரீ வீலிங் ஹப். 1948-இல் ஆர்தர் வார்ன் என்பவர் போர் முடிந்து மிஞ்சிய ஜீப்புகளுக்காகத் தொடங்கிய தொழில் இதுதான். இன்று அந்தப் பெயரை வின்ச்சுகளில் பார்க்கிறோம். குமிழ் 'ஃப்ரீ'யில் இருந்தால் முன் சக்கரம் ஆக்சில் ஷாஃப்டோடு சேராமல் சும்மா உருளும், 'லாக்'கில் சேர்ந்துகொள்ளும்.

லீவரைத் தள்ளினால் மட்டும் முன் சக்கரம் இழுக்காது, இரண்டு ஹப்பும் லாக்கில் இருக்கவேண்டும். இரண்டும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் லாக் ஆகி, மறு பக்கம் உள்ளே பிடிக்காமல் இருந்தால், டிஃப்ரன்ஷியல் சுழற்சி முழுவதையும் பிடிக்காத பக்கத்துக்கே அனுப்பிவிடும். அங்கே ஷாஃப்ட் வெறுமனே சுற்றும், லாக் ஆன சக்கரம் அசையாது. குமிழைப் பார்த்தால் இரண்டும் லாக்கில் இருப்பதாகத்தான் தெரியும்.

வீட்டு வாசலிலேயே இதைச் சோதிக்கலாம். இரண்டு ஹப்பையும் லாக்கில் திருப்புங்கள், லீவர் டூ ஹையில் இருக்கட்டும். சமதளத்தில் ஒருவர் வண்டியை நடை வேகத்தில் ஓட்ட, இன்னொருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று குனிந்து முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பார்க்கட்டும். ஷாஃப்ட் சீராகச் சுற்றினால் இரண்டும் பிடித்திருக்கின்றன. நின்றுகொண்டே இருந்தால் குறைந்தது ஒரு ஹப்பாவது பிடிக்கவில்லை. கழற்றிச் சுத்தம் செய்து லேசாகக் கிரீஸ் தடவுங்கள். பேரிங்குக்கு அடைப்பதுபோலக் கெட்டிக் கிரீஸை உள்ளே திணித்தால் உள்ளிருக்கும் வளையம் நகரத் தயங்கும், பிறகு அதே சிக்கல்தான்.

குமிழ் திரும்பவில்லை என்றால் பிளையரைத் தேடாதீர்கள். வண்டியை ஒரு முழம் முன்னும் பின்னும் உருட்டிவிட்டுக் கையால் திருப்பிப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: ஹப் ஃப்ரீயில் இருக்கும்போது ஃபோர் லோ போட்டு வண்டியை முறுக்கினால், லோ கியர் பெருக்கிய விசை முழுவதும் பின் ஆக்சிலுக்கே போகும். பழைய பின் ஷாஃப்ட்டை உடைக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. மெதுவாக, பலம் போடாமல், இடுக்கான இடத்தில் வண்டியைத் திருப்பிப் போடுவதற்கு மட்டும் இந்தச் சேர்க்கை உதவும்.

ஹப்பை லாக்கில் வைத்து டூ ஹையில் ரோட்டில் ஓட்டலாமா? தாராளமாக. மாதம் ஒருமுறை சில கிலோமீட்டர் அப்படி ஓட்டினால் முன் ஆக்சிலுக்குள் ஆயில் எல்லா இடமும் படும்.

படி 3: டயர்

ஆல் டெரெயின் வகை போதும். மட் டெரெயின் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், ரோட்டில் ஓலமிடும், ஈர ரோட்டில் பிடிப்பு குறையும். நீங்கள் வாரம் முழுவதும் ஓட்டப்போவது ரோட்டில்தானே.

அளவைக் கொஞ்சம் கூட்டலாம், கொஞ்சம்தான். 205/70ஆர்15 டயரின் விட்டம் 668 மில்லிமீட்டர், 215/75ஆர்15 போட்டால் ஏறக்குறைய 703. விட்டம் 35 மில்லிமீட்டர் கூடினாலும் ஆக்சில் உயர்வது அதில் பாதி, 18 மில்லிமீட்டருக்குள். பதிலுக்கு எல்லாக் கியரும் 5 சதவீதம் நீண்டுவிடும், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 63-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். சிறிய இன்ஜின் வண்டியில் ஏற்றத்தில் அந்த 5 சதவீதம் நன்றாகவே தெரியும். இதற்கு மேல் பெரிய டயர் போட லிஃப்ட் வேண்டும், லிஃப்ட் போட்டால் காஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) மாறி ஸ்டியரிங் அலையும், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் மாறும். ஒன்றைத் தொட்டால் அடுத்ததைத் தொடவேண்டிவரும். அதனால்தான் முதல் வருடம் சஸ்பென்ஷனைத் தொடவேண்டாம் என்கிறேன், தேய்ந்த புஷ்களை மாற்றுவதைத் தவிர.

படி 4: காற்றை இறக்குங்கள்

ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள வண்டிக்கு எனக்குப் பழகிய கணக்கு: ரோட்டில் 26 பிஎஸ்ஐ, கல்லும் மண்ணுமான பாதையில் 18, மணலில் 14 அல்லது 15. எடை கூடிய வண்டிக்கு இன்னும் சில பிஎஸ்ஐ கூட்டிக்கொள்ளுங்கள். சாதாரண ரிம்மில் 12-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் அபாயம் உண்டு.

காற்றைக் குறைத்தால் டயர் தரையில் படும் இடம் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் கூடும். கல் மேல் ஏறும்போது டயர் அதன் வடிவத்துக்கு வளைந்துகொடுக்கும், உங்கள் முதுகுக்கும் நிம்மதி. காற்று குறைந்த டயரோடு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள், பக்கச்சுவர் சூடேறும்.

ஒரு நல்ல முள் கேஜ் வாங்குங்கள். பேனா வடிவத்தில் வருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. திரும்பக் காற்றடிக்கச் சின்ன 12 வோல்ட் கம்ப்ரெஸர் போதும், ஆனால் பேட்டரியில் நேராகக் கவ்வும் கிளிப் உள்ள வகையாக இருக்கட்டும்.

படி 5: இழுக்கும் கொக்கி

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, சேஸியோடு நல்ல தர போல்ட் போட்டு முடுக்கியவை. பம்பரில் மட்டும் பற்றவைத்த வளையம் கொக்கி ஆகாது. டிரெய்லர் மாட்டும் உருண்டையில் ஒருபோதும் கயிறு மாட்டாதீர்கள். அது உடைந்தால் குண்டுபோலப் பறக்கும், அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் ஷேக்கிளில் (குறுக்கே பின் போட்ட இரும்பு வளையம்) தாங்கும் எடை பொறித்திருக்க வேண்டும். 19 மில்லிமீட்டர் வில் ஷேக்கிளில் வழக்கமாக 4.75 டன் என்று இருக்கும். எதுவும் பொறிக்காத பளபளப்பு ஷேக்கிளைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஒரு கனத்த போர்வையைப் போட்டுவிட்டு, மற்றவர்களைக் கயிற்றின் நீளத்தைவிடத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

மண்வெட்டி ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். புதைந்த சக்கரத்தின் முன்னால் தோண்டிச் சரிவு செய்தால் பெரும்பாலும் கயிற்றுக்கே வேலை வராது.

படி 6: முதல் நாள்

தனியாகப் போகவேண்டாம். இன்னொரு வண்டியோடு போங்கள். பாதை மாறும் இடத்தில் இறங்கி நடந்து பாருங்கள். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் கட்டைவிரலை ஸ்டியரிங் வளையத்துக்குள் நுழைக்காமல் மேலேயே வைத்துப் பழகுங்கள். சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டியரிங் சட்டென்று சுழலும், கட்டைவிரல் போய்விடும். இறக்கத்தில் லோ ஒன்றாம் கியர், கிளட்ச்சில் கால் வேண்டாம்.

ஏற்றத்தில் பாதியில் இன்ஜின் நின்றுபோனால் செய்யவேண்டியதைச் சமதளத்திலேயே ஒத்திகை பாருங்கள். பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள், ஹேண்ட் பிரேக்கும் போடுங்கள். கிளட்ச்சை மிதித்து லோ ரிவர்ஸ் போட்டு, கிளட்ச்சை முழுவதும் விடுங்கள். ஸ்டியரிங் நேராக இருக்கிறதா பாருங்கள். ஹேண்ட் பிரேக்கை எடுத்து, கால் பிரேக்கையும் மெல்லத் தளர்த்துங்கள்; வண்டியைக் கியரே பிடித்துக்கொள்ளும். இப்போது சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டரே வண்டியைப் பின்னால் நகர்த்தி, இன்ஜின் பிடித்து, நடை வேகத்தில் கீழே இறக்கிவிடும். கிளட்ச் மிதிக்காமல் ஸ்டார்ட் ஆகும் பழைய வண்டிகளில்தான் இது நடக்கும். சரிவில் வண்டியைக் குறுக்கே திருப்ப மட்டும் முயலாதீர்கள்.

பின்னர் சேர்த்தவை

கம்ப்ரெஸரை சிகரெட் லைட்டரில் செருகி ஃபியூஸ் போய்விட்டதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். அந்த ஃபியூஸ் பெரும்பாலும் 10 முதல் 15 ஆம்பியர்தான், கொஞ்சம் பெரிய கம்ப்ரெஸரே 20-க்கு மேல் இழுக்கும். பேட்டரி கிளிப் என்று சொன்னதன் காரணம் அதுதான். காற்றடிக்கும்போது இன்ஜினும் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

லாடா நீவா வைத்திருப்பவர்களுக்கு: 1977-இல் வந்த அந்த வண்டி எப்போதும் நான்கு சக்கரத்திலும் இழுக்கும், நடுவில் டிஃப்ரன்ஷியலும் அதற்கொரு லாக்கும் உண்டு. ஹப் பற்றி எழுதியது உங்களுக்குப் பொருந்தாது. டிஃப் லாக்கைத் தார் ரோட்டில் போட்டால் வரும் முறுக்கு மட்டும் அப்படியே பொருந்தும்.

ஹேண்ட் பிரேக் போட்டும் ஜாக்கியில் ஏற்றிய வண்டி நகர்ந்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். சீரிஸ் லேண்ட் ரோவர், சுசுகி எஸ்ஜே 410 போன்றவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினால் டிஃப்ரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற, தரையில் இருக்கும் மற்றச் சக்கரம் தாராளமாக உருளும். ஜாக்கி வைப்பதற்கு முன் இரண்டு ஹப்பையும் லாக் செய்து ஃபோர் லோவில் போடுங்கள், தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், அதன் பிறகு வீல் நட்டைத் தளர்த்துங்கள்.