விதையிலிருந்து ஆவாரை: கருவண்டுக்கு ஒரு செடி

முதல் தடவை நாற்பது ஆவாரை விதைகளை அப்படியே மண்ணில் புதைத்து, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். ஒரு மாதத்தில் தலைகாட்டியவை மூன்று. புறம்போக்கில் கேட்பாரற்று மண்டிக் கிடக்கும் செடி, என் வீட்டுக் கொல்லையில் மட்டும் முளைக்க மறுத்தது. கோளாறு விதையின் மேல்தோலில் இருக்கிறது. தண்ணீரை உள்ளே விடாத அந்தத் தோலை உடைக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

காய் பறித்தல்

மஞ்சளாகப் பூக்கும் கொன்றை உறவினர்கள் ஏராளம். முதுமலைக் காட்டை ஆக்கிரமித்து, வனத்துறை வெட்டி அகற்றிவரும் அந்நிய மரமான சென்னா ஸ்பெக்டாபிலிஸும் அவற்றில் ஒன்று. ஆகவே பூவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஆவாரையில் இலைக்காம்பின் அடியில் காதுமடல் போல அகன்ற இலையடிச் செதில் இருக்கும். சென்னா ஆரிக்குலேட்டா என்ற அறிவியல் பெயரே ‘காதுடைய’ என்பதைத்தான் சொல்கிறது.

காய்கள் தட்டையாக, காகிதம் போல மெல்லியவையாக இருக்கும். பழுப்பேறிக் காய்ந்தவற்றை மட்டும் பறியுங்கள். உதிர்த்ததும் விதைகளை வெயிலில் பரப்பிப் பாருங்கள். ஊசியால் குத்தியது போல ஓட்டை இருந்தால் விதை தின்னும் சிறு வண்டு துளைத்தது, எறிந்துவிடலாம். விதையில் பாதி இப்படிப் போனாலும் வியப்பில்லை, கொஞ்சம் கூடுதலாகவே பறித்து வையுங்கள்.

கொதிநீர்

ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, கொதி அடங்கியதும் விதைகளின் மேல் ஊற்றுங்கள். விதையை அடுப்பில் வைத்து வேகவிடக் கூடாது, அது சுண்டல். இரவு முழுவதும் அந்த நீரிலேயே ஆறட்டும். காலையில் சில விதைகள் ஊதிப் பருத்து, வழவழப்பாக இருக்கும், அவை தயார். மற்றவை கல் மாதிரி அப்படியே கிடக்கும். அவற்றை நகவெட்டியால் ஓரத்தில் லேசாகக் கிள்ளியோ, உப்புத்தாளில் நாலைந்து தடவை தேய்த்தோ மறுபடி சாதாரணத் தண்ணீரில் ஊறவையுங்கள். முளை கிளம்பும் முனையை மட்டும் தொடாதீர்கள்.

விதைப்பு

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது இதற்கும் பொருந்தும். ஆடிக் கடைசியிலிருந்து புரட்டாசிக்குள் போட்டுவிட்டால் வடகிழக்குப் பருவமழை நமக்குப் பதிலாகத் தண்ணீர் ஊற்றும். ஆணிவேர் வேகமாக இறங்கும் செடி என்பதால் நிலத்தில் நேரடியாக ஊன்றுவதே நல்லது. இடம் தயாராகவில்லை என்றால் ஆழமான நாற்றுப்பையில், செம்மண்ணும் மணலும் கலந்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். ஊறிப் பருத்த விதை ஒன்றிரண்டு வாரத்தில் முளைத்துவிடும். வேர் பையின் அடியில் சுருளும் முன் நட்டுவிட வேண்டும். நான்கடி இடைவெளி, முழு வெயில், தண்ணீர் தேங்காத மண். உரம் வேண்டவே வேண்டாம். ஊட்டி வளர்த்தால் இலைதான் மிகும். முதல் ஆண்டு பூக்கவில்லை என்றால் கவலைப்படாதீர்கள்.

பூத்த பிறகு

ஒரு காலை வேளை பூவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். கருவண்டு (வண்டு என்று பெயர், உண்மையில் காய்ந்த மரத்தைத் துளைத்து வாழும் பெரிய கரிய தேனீ) வரும்போது ‘ங்ங்’ என்று தாழ்ந்திருக்கும் ரீங்காரம், அது பூவைக் கால்களால் இறுக்கிப் பிடித்ததும் சட்டென்று ஓங்கும். ஆவாரையின் மகரந்தப் பை நீளவாக்கில் பிளப்பதில்லை. நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. உப்புப் புட்டியைக் குலுக்குவது போல, பறக்கும் தசைகளை அதிரவைத்துத்தான் கருவண்டு மகரந்தத்தைக் கொட்டவைக்கிறது. வயிற்றில் நீல வரி போட்ட சிறு தேனீக்களும் இந்த வித்தை அறிந்தவை. நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அது கைவராது.

பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். எனவே பக்கத்தில் தும்பையோ எருக்கோ இருந்தால் பிடுங்காமல் விடுங்கள். காய்ந்த மூங்கில் கழி ஒன்றிரண்டும் மூலையில் கிடக்கட்டும். கருவண்டு அதில் கூடு கட்டும்.

இலையை ஏதோ தின்கிறதே?

அடிக்கடி எனக்கு வரும் கேள்வி. பச்சைப் புழு, பக்கவாட்டில் வெளிர் கோடு என்றால் அது வெண்பச்சை நிற வண்ணத்துப்பூச்சியின் குழந்தை. வேப்பெண்ணெய்க் கரைசலைக்கூடத் தெளிக்காதீர்கள். என் செடி ஒன்றை ஐப்பசியில் குச்சி குச்சியாக மொட்டையடித்துவிட்டன. பக்கத்து வீட்டு அம்மா ‘பட்டுப் போச்சு, பிடுங்கி எறிங்க’ என்றார். மூன்று வாரத்தில் துளிர்த்தது. பொங்கலுக்குக் காப்புக் கட்ட, சிறுபீளையோடு சேர்த்து முடிய ஒரு கொத்து ஆவாரம்பூ கேட்டு அவரே வந்து நின்றார்.