பாரிஸில் பில் தானாக வராது

வேலை முடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பாவும் சித்தியும் காலிக் கோப்பைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பாரிஸுக்கு வந்து மூன்றாவது நாள் அது. முதல்முறையாகத் துணையில்லாமல் ஓர் உணவகத்துக்குப் போயிருந்தார்கள். சாப்பிட்டு, காபியும் குடித்து முடித்து நாற்பது நிமிடம் ஆகிவிட்டதாம். சர்வர் நாலைந்து முறை மேசையைத் தாண்டிப் போயிருக்கிறார், பில்லை மட்டும் கொண்டுவரவில்லை. “நம்மளப் பாத்தா அவருக்கு மதிக்கத் தோணல போல” என்றார் சித்தப்பா. முகம் வாடியிருந்தது.

எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அந்த சர்வர் அவரை மதித்ததால்தான் பில்லைக் கொண்டுவராமல் இருந்தார். நம் ஊரில் கடைசி வாய் மோர்சாதம் உள்ளே போகும் முன்பே சோம்புத் தட்டோடு பில் வந்துவிடும். அடுத்த ஆள் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். பாரிஸில் கேட்காமல் பில்லை வைத்தால் ‘எழுந்து போங்கள்’ என்று சொன்ன மாதிரி. உட்கார்ந்துவிட்டால் அந்த மேசை உங்களுடையது, எப்போது கிளம்புவது என்பதும் உங்கள் முடிவு. கிளம்ப வேண்டுமா, சர்வரின் கண்ணைப் பார்த்து “லாடிசியோன், சில் வூ ப்ளே” (பில், தயவுசெய்து) என்று சொல்லுங்கள். பில் வந்துவிடும். கூட்டம் அதிகமுள்ள சில இடங்களில் இரவில் இரண்டு பந்தி உண்டு. அங்கே மேசையை எத்தனை மணிக்குள் விட வேண்டும் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுவார்கள்.

‘பாரிஸ் சர்வர்கள் திமிர் பிடித்தவர்கள்’ என்ற முடிவோடு ஊர் திரும்பும் நம்மவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். என்ன நடந்தது என்று விசாரித்தால் பெரும்பாலும் வாசலிலேயே தகராறு ஆரம்பித்திருக்கும். உள்ளே நுழைந்ததும் “போன்ஜூர்” சொல்ல வேண்டும். மாலை ஆகிவிட்டால் “போன்சுவார்”. இதைச் சொல்லாமல் நேராக “டூ பீப்பிள்” என்று விரலைக் காட்டினால், வீட்டுக்குள் வந்த விருந்தாளி வணக்கம் கூடச் சொல்லாமல் சோறு கேட்டது போல இருக்கும் அவர்களுக்கு. பிரெஞ்சு தெரியாது என்பது ஒரு குறையே இல்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால், பெரும்பாலானவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உதவத்தான் பார்ப்பார்கள்.

சொன்ன கையோடு காலியாக இருக்கும் மேசையில் போய் உட்கார்ந்துவிடக் கூடாது. எத்தனை பேர், முன்பதிவு உண்டா என்று கேட்டு அவர்களே இடம் காட்டுவார்கள். கஃபேயின் வெளித் திண்ணையில், அதாவது தெராஸில், வெறும் காபி குடிக்கப் போகிறீர்கள் என்றால் நீங்களே உட்காரலாம். ஆனால் தட்டும் கத்தியும் விரித்து வைத்த மேசை சாப்பிடுபவர்களுக்கு உரியது.

நேரம்தான் பலரை அலைக்கழிக்கிறது. மதியம் 12-லிருந்து 2 மணி வரை, இரவு ஏழு, ஏழரைக்கு மேல் பத்து மணி வரை என்பது பொதுவான கணக்கு. இரண்டுக்கும் நடுவில் சமையலறை மூடிவிடும். லூவ்ர் அருங்காட்சியகத்தைச் சுற்றிவிட்டு மாலை நாலு மணிக்குப் பசியோடு வெளியே வந்தால் கதவு திறந்திருக்கும், அடுப்பு எரியாது. ‘செர்வீஸ் கோந்தின்யூ’ என்று பலகை போட்டிருக்கும் இடங்களைப் பார்த்து வையுங்கள். அங்கே இடைவெளியில்லாமல் சமைப்பார்கள். ஞாயிறு, திங்களில் பல கடைகள் லீவு. ஆகஸ்ட்டில் சில வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும்.

சரி, உட்கார்ந்தாயிற்று. ‘மெனு’ கேட்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரான்ஸில் ‘மெனு’ என்றால் பெரும்பாலும் நம் ஊர் ‘மீல்ஸ்’ மாதிரி, ஒரே விலைக்கு இரண்டு மூன்று பதார்த்தம் சேர்ந்த சாப்பாடு. விலைப்பட்டியல் வேண்டுமென்றால் “லா கார்த்” என்று கேளுங்கள். அதில் ‘ஆந்த்ரே’ என்று போட்டிருப்பது முதலில் வரும் சிறு பதார்த்தம், ‘ப்ளா’ என்பதுதான் வயிறு நிறையும் பதார்த்தம். மதியத்தில் ‘ஃபோர்முல்’, அதாவது ஒரே விலைக்குச் சில பதார்த்தம் சேர்ந்த சாப்பாடு, என்று சிலேட்டில் எழுதி வைத்திருந்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள். அதே சமையல்காரர், அதே அடுப்பு. இரவு விலையோடு பார்த்தால் நல்ல லாபம்.

தண்ணீருக்குக் காசு கொடுத்து ஏமாந்தவர்கள் ஏராளம். “வாட்டர்” என்று மட்டும் சொன்னால் பாட்டில் வந்துவிடும், அது பில்லிலும் ஏறும். “உய்ன் கராஃப் தோ” என்று கேட்டால் குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் கூஜாவில் இலவசமாக வைப்பார்கள். இதைக் கேட்கக் கூச்சமே வேண்டாம். சாப்பாட்டோடு தண்ணீரும் ரொட்டியும் தனிக் காசில்லாமல் தர வேண்டும் என்பது 1967-லிருந்தே விதி. இலவசக் குடிநீர் கேட்டு வாங்கலாம் என்பதை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்று 2022 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது.

“அன் கஃபே” என்றால் சிறு கோப்பையில் எஸ்பிரஸ்ஸோ வரும். பால் வேண்டுமென்றால் “கஃபே க்ரெம்”. கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் வேறு விலை என்பது பல இடங்களில் வழக்கம். பட்டியலிலேயே இரண்டு விலையும் போட்டிருக்கும்.

சர்வரைக் கூப்பிடும் விதத்தில் கவனம் தேவை. பழைய சினிமா பார்த்துவிட்டு “கார்சோன்!” என்று கூப்பிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பொருள் ‘பையா’. நாற்பது வயது மனிதரை அப்படிக் கூப்பிடலாமா? விரலைச் சொடுக்குவது, கை தட்டுவது இன்னும் மோசம். ஆணென்றால் “மெஸ்ஸியே”, பெண்ணென்றால் “மதாம்”, கூடவே “சில் வூ ப்ளே”. அது போதும்.

இங்கே பலருக்கு சர்வர் வேலை வாழ்நாள் தொழில். 1914-இல் தொடங்கிய சர்வர்கள் ஓட்டப்பந்தயம் சில வருடங்கள் நின்றுபோய், 2024 மார்ச் 24 அன்று மறுபடி பாரிஸில் நடந்தது. பந்தயம் என்றுதான் பெயர், ஓடக் கூடாது, வேகமாக நடக்கலாம். கையில் தட்டு, அதில் ஒரு காபி, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு குரோசான். நகர மன்றத்திலிருந்து கிளம்பி இரண்டு கிலோமீட்டர் சுற்றி, சிந்தாமல் திரும்ப வேண்டும். வெள்ளைச் சட்டையும் ஏப்ரனுமாக ஆணும் பெண்ணும் விறுவிறுவென்று நடக்க, தெருவே நின்று கைதட்டியது. அந்தப் பெருமையோடு வேலை செய்கிறவரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது பணிவை இல்லை, கைத்திறனை. ஒருவரே பதினைந்து இருபது மேசையைக் கவனிப்பார். அதனால் கேட்க வேண்டியதைச் சேர்த்து ஒரே தடவையில் கேட்டுவிடுங்கள். 1896-லிருந்து நடக்கும் பூயோன் ஷர்தியே என்ற உணவகத்தில் உட்கார்ந்து பாருங்கள். மேசையில் விரித்த தாளிலேயே ஆர்டரை எழுதி, கடைசியில் அதே தாளில் கூட்டிப் போட்டுக் கணக்கு சொல்வார்கள்.

டிப்ஸ் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பட்டியலில் போட்டிருக்கும் விலையிலேயே வரியும் 15 சதவீத சேவைக் கட்டணமும் அடக்கம். தனியாகப் பத்து, இருபது சதவீதம் வைக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. மனம் நிறைந்தால் ஒன்றிரண்டு யூரோ நாணயம் வைத்துவிட்டு எழலாம். கார்டு மெஷினில் சதவீதம் கேட்கும் திரை வந்தால் கூச்சப்படாமல் வேண்டாம் என்று அழுத்துங்கள். மிஞ்சிய சாப்பாட்டைக் கட்டித் தரச் சொல்லிக் கேட்பதும் தப்பில்லை. 2021 ஜூலையிலிருந்து, கேட்டால் டப்பா தர வேண்டும் என்பது சட்டம்.

நான் அதிகம் கவலைப்படுவது சைவம் சாப்பிடுகிறவர்களைப் பற்றித்தான். ‘சாலட்தானே, பயமில்லை’ என்று நினைத்துவிடாதீர்கள். அதில் லார்தோன் என்ற பன்றிக்கறித் துண்டுகள் தூவியிருக்கலாம். கீஷ் லோரேன் என்ற முட்டைப் பதார்த்தத்திலும் அதே லார்தோன், க்ரோக் மெஸ்ஸியே என்ற சீஸ் சாண்ட்விச்சில் பன்றித் தொடைக்கறி. ‘ஷேவ்ர்’ என்றால் ஆடு; ஆனால் ‘சலாத் த ஷேவ்ர் ஷோ’ என்று சொன்னால் வருவது ஆட்டுப்பால் சீஸ்தான், கறி இல்லை. அதிலும் லார்தோன் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோந்தே போன்ற புகழ்பெற்ற சீஸ்களைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்த்துத்தான் செய்வார்கள். கண்டிப்பாகப் பார்க்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ஆந்த்ரகோத், பாவெத், தார்தார் என்ற மூன்று பெயர்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தார்தார் பெரும்பாலும் பச்சை மாட்டுக்கறி. மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்கள், கறி நன்றாக வெந்திருக்க வேண்டுமென்றால் “பியன் குவி” என்று சொல்லுங்கள். “ஆ புவான்” என்றால் நடுவில் சிவப்பாகத்தான் இருக்கும்.

“வெஜிடேரியன்” என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டால் போதாது. “சான் வியாந்த், சான் புவாசோன், சான் லார்தோன்” என்று கறி, மீன், லார்தோன் எதுவும் வேண்டாம் என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். சூப் என்றால் எந்தத் தண்ணீரில் வேகவைத்தது என்றும் கேளுங்கள். போன குளிர்காலத்தில் சைவத் தோழி ஒருத்தியோடு ஒரு சின்ன உணவகத்தில் உட்கார்ந்திருந்தேன். மேலே சீஸ் உருகி ஓடும் வெங்காய சூப்பின் மீது அவளுக்கு ஆசை. சர்வரிடம் கேட்டேன். தனக்கு நிச்சயமாகத் தெரியாது, உள்ளே விசாரிக்கிறேன் என்று போனார். திரும்பி வந்தபோது பின்னால் இன்னொருவர், தோளில் துண்டு, கையில் மாவு. பாரிஸ் சமையலறைகளில் கோப்பை கழுவுவதில் தொடங்கி அடுப்படிப் பொறுப்பு வரை உயர்ந்த ஈழத்தமிழர்கள் எத்தனையோ பேர். இவரும் அவர்களில் ஒருவர். எங்களைப் பார்த்ததுமே தமிழில் பேசினார்.

“அக்கா, அது மாட்டெலும்பு அவிச்ச தண்ணியில செய்யிறது. அவவுக்கு வேண்டாம். முட்டை சாப்பிடுவாவோ? காளான் போட்டு ஒரு ஒம்லெட் அடிச்சுத் தாறன்.”

பத்து நிமிடத்தில் ஒம்லெட் வந்தது. தட்டின் ஓரத்தில், நாங்கள் கேட்காமலே, நீளவாக்கில் கீறிய ஒரு பச்சை மிளகாய்.