டெலிகிராமுக்குத் தடையா? ப்ராக்ஸி தானாக மாறட்டும்

ஈரானில் 2018 முதல் டெலிகிராமுக்குத் தடை. ஆனாலும் ப்ராக்ஸி (தடையைத் தாண்ட நடுவில் நின்று இணைப்பைக் கடத்திவிடும் சர்வர்), விபிஎன் என்று எதையாவது போட்டு அங்கே பலர் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரே ப்ராக்ஸியை நம்பினால், அது முடக்கப்பட்டதும் ‘கனெக்டிங்...’ என்றே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் இணைப்பு இருக்கும்போதே நான்கைந்தைச் சேர்த்துவிடுங்கள். டெலிகிராமுக்கென்றே உள்ள எம்டிபுரோட்டோ வகை ப்ராக்ஸியின் லிங்க் கிடைத்தால் தட்டினாலே போதும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அப்புறம் டேட்டா அண்ட் ஸ்டோரேஜ், அதில் ப்ராக்ஸி. அங்கே தானாக மாறும் வசதியை ஆன் செய்தால், ஒன்று சில நொடிகளில் இணையாவிட்டால் செயலியே அடுத்ததற்குத் தாவும்.

ப்ராக்ஸி நடத்துபவரால் உங்கள் செய்தியைப் படிக்க முடியாது, ஐபி முகவரி மட்டும் தெரியும். நீங்கள் சேராத சேனல் ஒன்று பட்டியலின் உச்சியில் வந்து உட்கார்ந்தால் பதற வேண்டாம், அது அவர் போடும் விளம்பரம். இணையத்தையே மொத்தமாக அணைத்துவிட்டால் மட்டும் இது எதுவும் வேலைக்கு ஆகாது.