மதில் பக்கம் நிற்கும் பையன்கள் ஆலயத்துக்குள் வர என்ன செய்யலாம்?

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகள் பலவற்றில் ஞாயிறு ஆராதனை நேரத்தில் பெண்கள் பக்கம் நிறைந்திருக்கும். ஆண்கள் பக்கம் முன்வரிசையில் பெரியவர்கள் இருப்பார்கள். பையன்கள் வெளியே பைக் மேல் சாய்ந்து நின்றுவிட்டு, கடைசிப் பாட்டுக்கு உள்ளே வருவார்கள். திடப்படுத்தலுக்கும் (வளர்ந்த பிள்ளைகளை முழு உறுப்பினராக ஏற்கும் ஆராதனை) கல்யாணத்துக்கும் இடைப்பட்ட பத்துப் பதினைந்து வருடத்தில்தான் சபை இவர்களை இழக்கிறது.

இதற்குப் பக்திக்குறைவு மட்டும் காரணமில்லை. கமிட்டி, கணக்கு, சாவி எல்லாம் மூத்த ஆண்கள் கையில் இருக்கின்றன. ஓய்வுநாள் பள்ளி (சிறுபிள்ளைகளின் ஞாயிறு வேத வகுப்பு), வீட்டு ஜெபக்கூட்டம், நோயாளி சந்திப்பு எல்லாம் பெண்கள் தலையில். இருபது வயதுப் பையனுக்குப் பதவியும் வராது. மீதியெல்லாம் ‘பொம்பளைங்க வேலை’ என்று கேட்டே வளர்ந்திருக்கிறான். ‘ஆண்மகனே எழும்பு’ என்று இரண்டு நாள் முகாம் போட்டால் இது மாறாது, அந்தச் சூடு திங்கட்கிழமையே ஆறிவிடும். பெண்களிடமிருந்து பறித்துப் பையன்களுக்குக் கொடுப்பதும் தவறு. இருக்கிற வேலையை ஆண் பெண் இருவருக்கும் திறந்துவிட வேண்டும்.

முதலில் குடும்பப் பதிவேட்டை எடுத்து 15 முதல் 30 வயது வரையுள்ள ஆண்கள் எல்லார் பெயரையும் எழுதுங்கள். ஊரில் இருந்து வருபவர், ஊரில் இருந்தும் வராதவர், சென்னை கோவையில் படிப்பவர், வளைகுடாவில் வேலை பார்ப்பவர் என நான்காகப் பிரியுங்கள். வெளியூர்க்காரர்களை ‘விலகியவர்கள்’ கணக்கில் சேர்த்தால் பிரச்சினை பெரிதாகத் தெரியும், வழி தெரியாது. இரண்டாம் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணம் எழுதுங்கள்: ஞாயிறு ஷிப்ட், கிரிக்கெட், போட்டித்தேர்வுப் பயிற்சி, வீட்டுச் சண்டை, குடி, ‘அங்க யாரும் பேசமாட்டாங்க’.

அடுத்து சந்திப்பு. ஐயரவர்கள் (சபைப் போதகர்) முதலில் போக வேண்டாம். பையன் பின்வாசல் வழியே நழுவிவிடுவான். ஐந்தாறு வயது மூத்த அண்ணன் ஒருவர் போகட்டும், மாலையில், வீட்டுக்கு வெளியே. வேலை கிடைத்ததா, கல்யாணம் எப்போது என்ற இரண்டு கேள்வியும் கூடாது. சங்கக் காணிக்கை (உறுப்பினர் சபைக்குக் கட்டும் சந்தா) ரசீதுப் புத்தகத்தைக் கண்டிப்பாகக் கொண்டுபோகக் கூடாது. வேலையில்லாத பையன் ஆலயத்துக்கு வர வெட்கப்படுவதற்கு இந்தப் பாக்கியும் ஒரு காரணம். லண்டனில் 1844-ல் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கம் தொடங்கியபோது ஜார்ஜ் வில்லியம்ஸ் 22 வயதுத் துணிக்கடை ஊழியர். தன்னைப் போன்ற கடைப் பையன்களைத்தான் அவர் கூட்டினார். சம வயதுக்காரன் கூப்பிட்டால் வருகிறார்கள்.

வந்தவனுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். அவன் வராவிட்டால் தடைப்படுகிற வேலையாக அது இருக்க வேண்டும். நாற்காலி அடுக்குவது மட்டும் என்றால் இரண்டாம் வாரமே போய்விடுவான்.

ஒலிபெருக்கி நல்ல தொடக்கம். பழகிய ஒருவர், புதியவர் ஒருவர் என ஜோடி போடுங்கள். ஆராதனைக்கு 45 நிமிடம் முன்பே வந்து மைக் பேட்டரியை மாற்றி, ஒவ்வொரு மைக்கிலும் பேசிப் பார்க்க வேண்டும். ‘கீ’ என்று கத்தினால் பெரும்பாலும் மைக் ஸ்பீக்கரைப் பார்த்து நிற்கிறது, அல்லது கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) அதிகம். முதலில் மைக்கைத் திருப்பிவிட்டுப் பிறகு மிக்சரைத் தொடச் சொல்லுங்கள். ஜோடியில் ஒன்று பெண்பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. கீபோர்டு, டிரம்ஸ் வாசிக்கிற நான்கு பேரே வாலிபர் ஐக்கியம் என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாடத் தெரியாத பையன்தான் வெளியே நிற்கிறான்.

அசனம் (சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து) இதைவிடப் பெரிய வாய்ப்பு. ராத்திரி முழுக்க அடுப்படியில் நிற்பது நம் ஊரில் ஆண்கள்தான். சமையல் ஆண்பிள்ளை வேலையில்லை என்ற பேச்சு அந்த ஒரு ராத்திரி எழுவதேயில்லை. அரிசிக் கணக்கைப் பையன்களிடமே கொடுங்கள்: ஒரு கிலோ ஏழெட்டுப் பேருக்கு, ஆகவே 400 பேருக்கு 55 கிலோ அளவில். வாங்கிய பொருளுக்குச் சீட்டு, மீந்த பணத்துக்குக் கணக்கு, மறுநாள் பாத்திரம் கழுவுவது வரை அவர்கள் பொறுப்பு. கழுவுவதை மட்டும் பெண்கள் ஐக்கியத்திடம் தள்ளினால் சொல்லிக்கொடுத்தது எல்லாம் வீண். உயிர்த்த இயேசு திபேரியா கடற்கரையில் சீஷருக்குக் காலை உணவு ஆயத்தம் பண்ணினார் (யோவான் 21). அப்போஸ்தலர் 6-இல் பந்தி விசாரிக்கத் தெரிந்தெடுத்த ஏழு பேரும் ஆண்கள். பிரசங்கத்தில் இதைச் சொல்லுங்கள்.

ஓய்வுநாள் பள்ளியில் வகுப்புக்கு ஓர் அண்ணன், ஓர் அக்காள் இருக்கட்டும். சிறுபிள்ளைகளோடு யாரும் தனியாக இருக்கக் கூடாது, கதவு திறந்திருக்க வேண்டும். இதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் விலக்கில்லை.

வேதபாடத்துக்கு ஆறு முதல் எட்டுப் பேர் போதும். மாற்கு 16 அதிகாரம், வாரம் ஒன்று, 45 நிமிடம், ஆலயத்துக்கு வெளியே ஓரிடம். நடத்துபவர் பேச்சு பத்து நிமிடத்தைத் தாண்டினால் அது இன்னொரு பிரசங்கம் ஆகிவிடும். பயம், கடன், குடி, தோல்வி எல்லாம் பேச்சில் வரும். அங்கே சொன்னது ஞாயிறு பிரசங்கத்தில் உதாரணமாக வந்தால், அடுத்த வாரம் ஒருவரும் வரமாட்டார்கள். குடிக்கிற பையனைச் சபைமுன் கண்டிக்காமல், விட நினைக்கும்போது மருத்துவரிடம் கூட்டிப்போக ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள்.

பையனும் பெண்பிள்ளையும் பேசினால் உடனே வீட்டுக்குச் சேதி போகிற சபையில் இரு பாலரும் சேர்ந்து வேலை செய்ய முடியாது. பெற்றோரிடம் முன்பே பேசி, கூட்டம் தொடங்கும் முடியும் நேரத்தைச் சொல்லி, பொறுப்பாளராக ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கெடுப்பது சபைத் தேர்தல். ஆறு மாதம் சேர்ந்து உழைத்த பையன்களை அணி பிரித்து, சாதி சொல்லி, ஓட்டுக்கு ஆள் திரட்டப் பயன்படுத்துவார்கள். பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள். வேட்பாளர் யாரும் வாலிபர் கூட்டத்துக்கு ஜெர்சியோ பிரியாணியோ தரக் கூடாது, தேர்தல் முடியும்வரை அங்கே பேசவும் கூடாது என்று சேகரக் கமிட்டியில் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளின் நிர்வாகக் குழு) முன்கூட்டியே தீர்மானம் போட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.