புது ஊர்ல சர்ச் தேடறவங்களுக்கு: எங்க உக்காரணும், எப்ப எந்திரிக்கணும், எதுக்கு எந்திரிக்கவே கூடாது

வேலை மாறியோ கல்யாணம் ஆகியோ புது இடத்துக்கு வந்தாச்சு, வீடு செட் ஆயிடுச்சு, ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் எங்க போறதுன்னு தெரியாம போனை நோண்டிட்டு படுத்திருக்கீங்களா, நானும் அப்படி 4 மாசம் படுத்திருந்தவன்தான். அப்புறம் ஒரு வழியா கிளம்பி 9 சர்ச் ஏறி இறங்கிட்டேன், கத்தோலிக்கக் கோயில்ல ஆரம்பிச்சு வாடகை ஹால்ல நடக்கற பெந்தெகொஸ்தே சபை வரைக்கும். அதுல கத்துக்கிட்டதுல முக்கியமானதை முதல்லயே சொல்லிடறேன்: ஒரு சபை எப்படிப்பட்டதுன்னு ஆராதனை நடக்கும்போது பிடிபடாது, கடைசி ஆசீர்வாதம் சொல்லி முடிச்சதுக்கு அப்புறம் வர்ற 20 நிமிஷத்துலதான் பிடிபடும். அதுவரைக்கும் இருக்கற நேரத்தை மானம் போகாம தாண்டறது எப்படின்னு கொஞ்சம் பாப்போம்.

கிளம்பறதுக்கு முன்னாடி டைமிங்கை ஒருத்தர்கிட்டயாவது போன்ல கேட்டுக்கோங்க, ஏன்னா வெப்சைட்ல போட்டிருக்கற டைம் எந்தக் காலத்துதுன்னு யாருக்கும் தெரியாது. எவ்வளவு நேரம் ஆகும்ங்கறதும் சபைக்கு சபை மாறும், கத்தோலிக்கப் பூசை சுமாரா 1 மணி நேரம், ஆர்த்தடாக்ஸ் வழிபாடு ஒன்றரை, 2 மணி நேரம், பெந்தெகொஸ்தேல 3 மணி நேரம் போனாலும் யாரும் வாட்சைப் பாக்க மாட்டாங்க, அதனால அன்னைக்கு மதியத்துக்கு வேற பிளான் வெச்சுக்காதீங்க. செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபைக்குன்னா சனிக்கிழமைதான் போகணும், ஞாயித்துக்கிழமை போனீங்கன்னா பூட்டுதான் இருக்கும். கத்தோலிக்கர்களுக்கு சனிக்கிழமை சாயங்காலப் பூசையும் ஞாயிறு கணக்குலயே வரும், ஞாயிறு வேலை இருக்கறவங்களுக்கு இது பெரிய வசதி.

இன்னொண்ணு, கிறிஸ்மஸ், ஈஸ்டர், ஆண்டுவிழா அன்னைக்கு போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க. அன்னைக்கு பாடகர் குழு ரெண்டு மாசம் பிராக்டிஸ் பண்ணிருக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை வர்றவங்க எல்லாம் வந்திருப்பாங்க, கல்யாண வீட்டுல வெச்சு ஒரு குடும்பத்தை எடை போடற மாதிரிதான் அது. சும்மா ஒரு சாதாரண ஞாயிறு போங்க, அப்புறம் திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சை ரசமும் குடுக்கற சடங்கு இருக்கற ஒரு ஞாயிறு போங்க (நிறைய புராட்டஸ்டன்ட் சபைகள்ல மாசத்தோட முதல் ஞாயிறு, கத்தோலிக்கத்துல ஒவ்வொரு பூசையிலயும் உண்டு). யூடியூப் லைவ்ல ஒரு தடவை பாத்துட்டுப் போறது நல்லதுதான், பிரசங்கம் எப்படி, பாட்டு எப்படின்னு தெரியும், ஆனா கேமரா மேடையைத்தான் காட்டும், கடைசி வரிசைல என்ன நடக்குதுன்னு காட்டாது.

எங்க உக்காரணும்ங்கறதுக்கு என் பதில், பின்னாடியிருந்து 4வது வரிசை, ஓரமா. முன் வரிசைல உக்காந்தா எப்ப எந்திரிக்கறாங்கன்னு பாக்கறதுக்கு முன்னாடி ஆள் இருக்காது, ஒவ்வொரு தடவையும் திரும்பித் திரும்பிப் பாக்கணும். கடைசி வரிசைன்னா லேட்டா வர்றவங்க, அழற குழந்தையைத் தூக்கிட்டு வெளிய போறவங்க, வாசல்ல நிக்கற அண்ணன்மாருங்க எல்லாரும் உங்க மேலதான் இடிச்சுட்டுப் போவாங்க. நாலாவது வரிசைல இருந்தா முன்னாடி இருக்கறவங்க செய்யறதை அரை செகண்ட் தள்ளி செஞ்சாப் போதும். மொத்தத்துல, நற்செய்தி வாசிக்கும்போது பழைய மரபு சபைகள்ல எந்திரிச்சு நிப்பாங்க, பிரசங்கத்துக்கு உக்காருவாங்க, மத்ததெல்லாம் பாத்துப் பாத்து செய்யலாம். கத்தோலிக்கக் கோயில்ல உள்ள நுழைஞ்சதும் வலது முழங்காலை மடக்கி வணங்கறாங்களே, அது நற்கருணைப் பேழையை, அதாவது பூசைல அர்ச்சிச்ச அப்பம் வெச்சிருக்கற பெட்டியை நோக்கி செய்யறது, அந்த நம்பிக்கை இல்லாதவங்க செய்யணும்னு கட்டாயம் இல்ல, லேசா தலை குனிஞ்சா மரியாதையாவே இருக்கும். முழங்கால் போடறதும் அப்படித்தான், அமைதியா உக்காந்திருந்தா யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல.

என் மானம் போன கதையையும் சொல்லிடறேன். எனக்குப் பழக்கம் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே"ன்னு ஆரம்பிச்சு "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்"னு முடிக்கற ஜெபம். முதல் தடவை கத்தோலிக்கப் பூசைக்குப் போனப்போ அவங்க "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே"ன்னு ஆரம்பிச்சாங்க, சரி அதே ஜெபம்தானேன்னு தைரியமா நானும் சேந்துக்கிட்டேன், தீமைல இருந்து காப்பாத்துங்கங்கற வரியோட மொத்தக் கோயிலும் கப்புனு நின்னுடுச்சு, நான் மட்டும் ராஜ்யமும்னு கணீர்னு தொடர்ந்துட்டேன். அங்க நடுவுல சாமியார் ஒரு சின்ன ஜெபம் சொல்வார், அதுக்கு அப்புறம்தான் அந்தக் கடைசி வரியை மக்கள் சொல்வாங்க, ஆனா அது வந்தப்போ நான் வெக்கத்துல வாயே திறக்கல. பக்கத்துல இருந்த பாட்டி மட்டும் சிரிச்சுட்டு கையைத் தட்டிக் குடுத்தாங்க. தமிழ்ல புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கம்ங்கற இந்த ரெண்டு உலகத்துக்கும் வார்த்தையே வேற, பைபிள்ல இருக்கற ஒரே பாட்டுப் புத்தகத்துக்கு ஒரு பக்கம் சங்கீதம்னு பேர், இன்னொரு பக்கம் திருப்பாடல், இங்க திருவிருந்து, அங்க நற்கருணை, இங்க வேதாகமம் 66 புத்தகம், அங்க திருவிவிலியம் 73 புத்தகம். வாசிப்புல தோபித்து, மக்கபேயர்னு ஒரு பேர் வந்தா உங்க பைபிள்ல தேடிக்கிட்டு முழிக்காதீங்க, புராட்டஸ்டன்ட் பதிப்புகள்ல பொதுவா அது இருக்காது.

இப்ப திருவிருந்து, புதுசா போறவங்க மாட்டிக்கறது பெரும்பாலும் இங்கதான். வரிசை வரிசையா எந்திரிச்சு போவாங்க, உங்க வரிசை வரும்போது எல்லாரும் எந்திரிப்பாங்க, ஒரு வேகத்துல நீங்களும் எந்திரிச்சுடுவீங்க. கொஞ்சம் பொறுங்க. கத்தோலிக்கத்துலயும் ஆர்த்தடாக்ஸ்லயும் சபை உறுப்பினர்களுக்குத்தான் பொதுவா குடுப்பாங்க, மத்தவங்களை மட்டம் தட்டறதுக்காக இல்ல, ஒரே விசுவாசத்துல முழுசா சேந்திருக்கறோம்ங்கறதுக்கு அடையாளமா அவங்க அதைப் பாக்கறாங்க. லூத்தரன்கள்ல சில சபைகளும் இப்படி கட்டுப்பாடா இருக்கும், சில சபைகள் ஞானஸ்நானம் எடுத்த எல்லாரையும் கூப்பிடும். ஆங்கிலிக்கன் சபைகள்ல வேற சபைல திருவிருந்து எடுக்கறவங்களையும் பெரும்பாலும் ஏத்துக்குவாங்க, மெத்தடிஸ்ட் பந்தி பொதுவா எல்லாருக்கும் திறந்திருக்கும். பிரதரன் சபைகள்ல வேற ஊர்ல இருந்து வர்றவங்க தங்களோட சபைல இருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் கொண்டு வர்ற வழக்கம் உண்டு. சால்வேஷன் ஆர்மில திருவிருந்தே கிடையாது, அதனால அந்த டென்ஷன் அங்க சுத்தமா இல்ல. ஆக ஆராதனை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வாசல்ல நிக்கறவர்கிட்ட "நான் வேற சபை, திருவிருந்துக்கு வரலாமா"ன்னு ஒரு வரி கேட்டுட்டா முடிஞ்சுது, இதைக் கேட்டு யாரும் கோவிச்சுக்கிட்டதை நான் பாத்ததில்ல.

எடுக்கலைன்னா என்ன செய்யறது? உக்காந்திருக்கலாம், காலை மடக்கி மத்தவங்களுக்கு வழி விட்டாப் போதும். கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் சபைகள் நிறையத்துல வரிசைல போய் ரெண்டு கையையும் மார்புல குறுக்கா வெச்சுக்கிட்டா, "எனக்கு அப்பம் வேண்டாம், ஆசீர்வாதம் மட்டும் போதும்"னு அர்த்தம். ஆனா இதே பழக்கத்தை ஆர்த்தடாக்ஸ் சபைல போய் செஞ்சுடாதீங்க, அங்க நிறைய இடத்துல நற்கருணை வாங்க வர்றவங்கதான் கையை அப்படிக் குறுக்கா வெச்சுக்கிட்டு வருவாங்க, அர்த்தம் நேர் தலைகீழா ஆயிடும், நற்கருணை குடுக்கற ஸ்பூன் உங்க வாய் பக்கம் வந்த அப்புறம் விளக்கம் சொல்லிட்டு நிக்கணும். கிரேக்க மரபு ஆர்த்தடாக்ஸ் சபைகள்ல கடைசில ஆசீர்வதிச்ச ரொட்டித் துண்டு ஒண்ணு குடுப்பாங்க, அது நற்கருணை இல்ல, விருந்தாளிகளுக்கும் நிறைய இடத்துல நீட்டுவாங்க, வாங்கிக்கலாம்.

பெந்தெகொஸ்தே பக்கம் போனா விஷயம் வேற. 1906ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல அசூசா ஸ்ட்ரீட்ல வில்லியம் சீமோர் நடத்தின கூட்டங்கள்ல இருந்து உலகம் பூரா பரவின ஆராதனை முறை, கை தூக்கறது, சத்தமா எல்லாரும் ஒரே நேரத்துல ஜெபிக்கறது, அந்நிய பாஷைல (ஆவியால வர்றதுன்னு அவங்க நம்பற, கேக்கறவங்களுக்குப் புரியாத பேச்சு) பேசறது எல்லாம் அங்க சகஜம். முதல் தடவை பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரி பயமா இருக்கும், எனக்கும் இருந்துச்சு, ஆனா நீங்களும் அதெல்லாம் செஞ்சாகணும்னு இல்ல. யாராவது தலைல கை வெச்சு ஜெபிக்க வந்தா, "இன்னைக்கு வேண்டாம் பிரதர், பேர் மட்டும் சொல்லி ஜெபிச்சுக்கோங்க"ன்னு சொல்லலாம், அதைக் கேட்டு நிறுத்தறாங்களா இல்ல தள்ளிக்கிட்டே வர்றாங்களாங்கறதுலயே அந்த சபையைப் பத்தி பாதி தெரிஞ்சுடும். நேர் எதிர்ல குவேக்கர் கூட்டம், நிறைய இடத்துல பாட்டும் கிடையாது பாஸ்டரும் கிடையாது, 1 மணி நேரம் அமைதியா உக்காந்திருப்பாங்க, யாருக்காவது உள்ளுக்குள்ள தோணுச்சுன்னா எந்திரிச்சு ரெண்டு வார்த்தை பேசுவாங்க, கை குலுக்கினா முடிஞ்சுதுன்னு அர்த்தம். வயித்துல சத்தம் வர்ற ஆளுங்க சாப்ட்டுட்டுப் போங்க.

காணிக்கைப் பை வந்தா அப்படியே பக்கத்துல கடத்தி விட்டுடலாம், விருந்தாளி போட்டாகணும்னு எங்கயும் சட்டம் இல்ல. "புதுசா வந்தவங்க எந்திரிச்சு நில்லுங்க"ன்னு சொல்ற சபைகள் இருக்கு, எந்திரிச்சுப் பேரைச் சொல்லிட்டு உக்காந்துடுங்க, எங்க வேலை, என்ன சம்பளம்னு எல்லாம் மைக்ல சொல்ல வேண்டியதில்ல. கார்டு குடுத்தா பேர் எழுதுங்க, போன் நம்பர் எழுதினா சாயங்காலத்துக்குள்ள 3 வாட்ஸ்அப் குரூப்ல இருப்பீங்க, அது உங்க இஷ்டம்.

சரி, அந்த 20 நிமிஷத்துக்கு வர்றேன். ஆசீர்வாதம் முடிஞ்சதும் நம்ம கால் தானா வாசலைப் பாத்துதான் ஓடும், ஓடாதீங்க. போனை எடுக்காம, யாரையும் தேடிப் போகாம, வாசலுக்குக் கொஞ்சம் உள்ள தள்ளி சும்மா நில்லுங்க. யாராவது வர்றாங்களா பாருங்க, வந்தா யார் வர்றாங்கன்னு பாருங்க. வரவேற்புக் குழு பேட்ஜ் போட்டவங்க வர்றது அவங்க டியூட்டி, பேட்ஜ் இல்லாத ஒருத்தர் தானா வந்து "எங்க தங்கியிருக்கீங்க"ன்னு கேட்டா அதுதான் கணக்கு. ஒரு பெரிய சபைல 3 ஞாயிறு தொடர்ந்து நின்னேன், அருமையான பாட்டு, அருமையான பிரசங்கம், ஒரு ஆள் பேசல. அதே மாதிரி 40 பேர் கூட இல்லாத ஒரு சபைல இசை எல்லாம் ஒரே சுதி விலகல், ஆனா ரெண்டாவது வாரம் என் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. நம்மளை எப்படி நடத்தறாங்கங்கறதோட நிறுத்தாம, தனியா வந்த வயசானவங்க, வீல்சேர்ல வந்தவங்க, அழுக்கு சட்டையோட ஓரமா நிக்கறவங்க பக்கத்துல யாராவது இருக்காங்களான்னும் பாருங்க. புது ஆளுக்கு முகமலர்ச்சி காட்டறது சுலபம், பழைய ஆளை வாராவாரம் கவனிக்கறதுதான் கஷ்டம்.

ரெண்டு மூணு வாரம் போன அப்புறம் கேள்வி கேளுங்க. கணக்கு வழக்கை யார் பாக்கறாங்க, உறுப்பினர்களுக்கு வருஷக் கணக்கு காட்டுவாங்களா, பாஸ்டர் தப்பு பண்ணினா யார்கிட்ட போய் சொல்றது, ஞாயிறு பள்ளில குழந்தைகளோட ஒரே ஒரு பெரியவர் மட்டும் தனியா இருப்பாரா இல்ல ரெண்டு பேரா. கேட்டதுக்கு பதில் வராம "இதெல்லாம் ஏன் கேக்கறீங்க, விசுவாசம் இல்லையா"ன்னு திரும்பக் கேட்டா செருப்பைத் தேடுங்க. வேற சபைக்குப் போகவே கூடாதுன்னு சொல்றவங்க, ரெண்டாவது வாரமே மெம்பர் ஃபார்ம் நீட்டறவங்க, இவங்ககிட்டயும் கொஞ்சம் தள்ளியே இருக்கலாம். ஞானஸ்நானக் கேள்வி கண்டிப்பா வரும், அதை மட்டும் தப்பா எடுத்துக்காதீங்க: பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகள் குழந்தைல குடுத்த ஞானஸ்நானத்தை பொதுவா ஏத்துக்காது, விசுவாசிச்ச அப்புறம் முழுக்கு எடுக்கணும்பாங்க, கத்தோலிக்கம், லூத்தரன் எல்லாம் திரித்துவத்தின் பேர்ல (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி) தண்ணீர்ல குடுத்த ஞானஸ்நானத்தை ரெண்டாவது தடவை குடுக்காது. இது பல நூறு வருஷத்துச் சண்டை, வாசல்ல நின்னுக்கிட்டு நீங்க தீர்க்கப் போறதில்ல, யோசிச்சு சொல்றேன்னு சொல்லிட்டு வந்துடுங்க.

ஒரு வருஷம் பூரா டூர் அடிச்சுக்கிட்டே இருக்காதீங்க, அது ஒரு பழக்கமாவே ஆயிடும், எல்லா இடத்துலயும் நொட்டை சொல்லத் தோணும், எனக்கு ஆச்சு. 3, 4 சர்ச்சை எடுத்துக்கிட்டு ஒவ்வொண்ணுக்கும் 3 வாரம் குடுங்க, அதுல ஒண்ணு வார நாள் கூட்டமா இருக்கட்டும், ஜெபக் கூட்டமோ அன்பியமோ (கத்தோலிக்கக் குடும்பங்கள் அக்கம்பக்கத்துல கூடற சின்னக் குழு) எதுவோ, ஞாயிறு கூட்டத்துல ஒளிஞ்சுக்கலாம், வீட்டுல 10 பேர் உக்காந்திருக்கும்போது ஒளிய முடியாது, அவங்களாலயும்தான். உங்களை அன்பா கவனிச்ச சபைக்கு இனிமே வரப் போறதில்லைன்னா சும்மா காணாமப் போகாதீங்க, போன் பண்ணி ஒரு நன்றி சொல்லிடுங்க, பாவம் அவங்க உங்க பேரை ஜெபக் குறிப்புல வெச்சிருப்பாங்க. எங்க சேரறதுன்னு முடிவானதும் பழைய சபைல இருந்து மாற்றுக் கடிதமும் ஞானஸ்நான சர்டிபிகேட்டும் வாங்கி வெச்சுடுங்க, கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கற (கல்யாண அறிவிப்பை சர்ச்ல படிக்கற) நேரத்துல பழைய ஊருக்கு ஓடி பழைய ரெஜிஸ்டரைப் புரட்டச் சொல்லி நிக்க வேண்டி வராது.