பேரிக்காய் வெல்லப் பச்சடி: கலோரி கணக்கோடு செய்வது எப்படி?

ஆடி, ஆவணியில் கொடைக்கானல், ஊட்டி பக்கமிருந்து மலைப் பேரிக்காய் சந்தைக்கு வரும். கெட்டியாக, கடித்தால் நறநறவென்று இருக்கும். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிடுவதோடு பலரும் நிறுத்திவிடுகிறோம். ஆனால் சமையலுக்கு இதைவிட நல்ல பழம் கிடைப்பது அரிது. வெந்தாலும் சட்டென்று குழையாது. மாங்காய்ப் பச்சடி போடத் தெரிந்தவர்களுக்கு இது சுலபம்.

எடை குறைக்க நினைப்பவர்கள் "இனிப்புப் பழமாச்சே" என்று இதை ஒதுக்குவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பச்சடியில் கலோரி ஏறுவது பழத்தால் அல்ல, கூடச் சேர்க்கும் வெல்லத்தாலும் எண்ணெயாலும்தான். இன்று அளந்தே பார்த்துவிடுவோம்.

தேவையானவை

பேரிக்காய் 3 அல்லது 4, வெல்லம் 40 கிராம், நல்லெண்ணெய் 5 கிராம், கடுகு, காய்ந்த மிளகாய் 2, கறிவேப்பிலை, மஞ்சள்தூள், பெருங்காயம், உப்பு. இவற்றோடு ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு. கண்ணளவில் போட்டால் இந்தக் கணக்கு நிற்காது.

படி 1: வெறும் சட்டியை எடை போடுங்கள்

அடுப்பு பற்றவைக்கும் முன் சட்டியின் எடையைக் குறித்துவையுங்கள். இது கடைசியில் தேவைப்படும்.

படி 2: நறுக்கிய பிறகு நிறுங்கள்

காம்புப் பக்கம் லேசாக அழுத்திப் பாருங்கள். அமுங்காத காய்தான் பச்சடிக்கு. நன்றாகக் கழுவி, தோலோடு நறுக்குங்கள். நார்ச்சத்தில் கணிசமான பங்கு தோலில் இருக்கிறது. நடுவில் உள்ள விதைப் பகுதியை எடுத்துவிட்டு, தராசில் கிண்ணத்தை வைத்து பூஜ்ஜியமாக்கி, துண்டுகளை மட்டும் நிறுங்கள். 400 கிராம் இருக்கட்டும். நிறுத்த பிறகே, கறுக்காமலிருக்க உப்புத் தண்ணீரில் போடுங்கள். முதலிலேயே போட்டால் ஒட்டிய தண்ணீரும் எடையில் சேர்ந்துவிடும்.

படி 3: எண்ணெயை அளக்க ஒரு வழி

எண்ணெய் பாட்டிலைத் தராசில் வைத்து பூஜ்ஜியமாக்குங்கள். எடுத்துச் சட்டியில் ஊற்றிவிட்டு, பாட்டிலை மறுபடி வையுங்கள். -5 என்று காட்டினால் 5 கிராம் ஊற்றியிருக்கிறீர்கள். கரண்டியில் ஒட்டுகிற தொல்லையும் இல்லை.

படி 4: சமையல்

எண்ணெய் காய்ந்ததும் கடுகு, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, தண்ணீரை வடித்த துண்டுகளைப் போட்டுப் புரட்டுங்கள். மஞ்சள்தூள், உப்பு, அரை டம்ளர் தண்ணீர் சேர்த்து மூடி, சிறு தீயில் 10 நிமிடம் வையுங்கள். கத்தி நுனி தடையில்லாமல் இறங்க வேண்டும். மலைக்காய் என்றால் இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

அதன் பிறகுதான் வெல்லம். முன்னாலேயே போட்டால் துண்டுகள் சரியாக வேகாமல் விறைத்துக்கொள்ளும். வெல்லத்தைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, வடிகட்டி ஊற்றுங்கள். நாலைந்து துண்டுகளைக் கரண்டியால் மசித்துவிட்டால் தானாகக் கெட்டிப்படும். மாவு கரைத்து விட வேண்டாம். புளிப்பு போதாவிட்டால் இறக்கியபின் எலுமிச்சை பிழியலாம்.

படி 5: கணக்கு

பேரிக்காயில் 100 கிராமுக்குச் சுமார் 57 கலோரி. 400 கிராமுக்கு 228. வெல்லம் 100 கிராமுக்குச் சுமார் 380. 40 கிராமுக்கு 152. எண்ணெய் கிராமுக்கு 9. 5 கிராமுக்கு 45. தாளிக்கும் மற்ற சாமான்களைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. மொத்தம் 425.

கையளவு வெல்லம் 152 கலோரி என்பதைக் கவனியுங்கள். அதே கலோரிக்கு 265 கிராமுக்கு மேல் பேரிக்காயே சாப்பிடலாம், நார்ச்சத்தும் கிடைக்கும். காய் கொஞ்சம் பழுத்திருந்தால் 20 கிராம் வெல்லமே போதும். மொத்தம் 349-க்கு இறங்கிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வெல்லமும் சர்க்கரைதான். அவர்கள் வெல்லத்தை விட்டுவிட்டு, பச்சைத் துண்டுகளைத் தயிரில் போட்டுப் பச்சடியாக்கலாம். அப்போதும் பழத்தின் அளவு முக்கியம்.

படி 6: பரிமாறும்போது

புதிதாகத் தொடங்குபவர்கள் தடுமாறும் இடம் இது. தட்டில் இருக்கும் 100 கிராம் பச்சடிக்கு 57 என்று எழுதிவிடக் கூடாது. அது பச்சைப் பழத்தின் கணக்கு. சட்டியோடு நிறுத்து, வெறும் சட்டியின் எடையைக் கழியுங்கள். பச்சடி 500 கிராம் வந்தால், 425-ஐ 5-ஆல் வகுக்க, 100 கிராமுக்கு 85 கலோரி. தண்ணீர் அதிகம் வற்றி 450 கிராம்தான் வந்தது என்றால் 94. மொத்தக் கலோரி மாறாது. ஒவ்வொரு கரண்டியிலும் இருப்பதுதான் மாறும்.

மீந்ததை டப்பாவில் போட்டு, 100 கிராமுக்கு எத்தனை என்று மூடியில் எழுதி ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாள் தாங்கும். மறுநாள் தோசைக்குத் தொட்டுக்கொள்ள இன்னும் நன்றாக இருக்கும்.